செனாயில் ஒரே இடம்

"அந்த லாரியை முந்துங்கண்ணே," என்று வாடகைக் காரின் பின்சீட்டில் தவித்தான் கோகிலன்.

முன்னால் செம்பனைக் குலை லாரி நகர்ந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் ஐயாசாமி சிரித்தார். "பைலட்டை விட்டுட்டு ப்ளைட் போயிடுமா தம்பி?"

"நான் ஓட்டுற ப்ளைட் கடல் தாண்டி கூச்சிங்ல இருக்கு. அங்க போய்ச் சேர ஸ்டாஃப் டிக்கெட். சீட் காலியா இருந்தாதான் ஏத்துவாங்க. இன்னைக்கும் போகலன்னா வேலை காலி."

"பக்கத்துல செனாய் ஏர்போர்ட்லயே போஸ்டிங் கேக்க வேண்டியதுதானே?"

"புதுசா சேந்த எங்க செட்டுக்கு அங்க ஒரே இடந்தான். ஒரே நாள்ல சேந்தா வயசுல மூத்தவங்களுக்குக் குடுப்பாங்க."

"அலமாக், பாவமே. மாத்திக்க முடியாதா?"

"அவங்க சம்மதிச்சா முடியும். மூணு மாசமா கெஞ்சுறேன். ஒரு கண்டிஷன் போடுறாங்க. அதுக்குப் பதிலா இந்த லாரி பின்னாலயே நான் போயிக்கிறேன்."

அவனருகில் நிம்மதியாக நாசி லெமாக் சோறு தின்றுகொண்டிருந்த பிரேமலாவை ஐயாசாமி கண்ணாடியில் பார்த்தார். "நீயாவது அந்த ஆளுகிட்ட பேசலாமேம்மா. புருஷன் இப்படி அல்லாடுறாரு."

பிரேமலா கையைத் துடைத்துவிட்டு ஜாக்கெட்டைத் திறந்தாள். உள்ளே கோகிலன் அணிந்திருந்த அதே வெள்ளைச் சட்டை, தோளில் அதே பைலட் பட்டை.

"புருஷன் இல்லண்ணே, கூடப் பொறந்தவன். ரெட்டைப் பிள்ளைங்க நாங்க. பத்து நிமிஷம் மூத்தவ நான்தான்னு கம்பெனியே ஒத்துக்கிச்சு. இவன் ஒரே ஒரு தடவை என்னை அக்கான்னு கூப்பிடட்டும், நாளைக்கே மாத்திக்கிறேன்."