இறுக்கமான கவசம்

போர் நடக்கும் நாட்டுக்குப் போகும் மருத்துவக் குழுவுக்காக அரசாங்கம் கொடுத்த குண்டு துளைக்காத கவசத்தை, கணவனுக்கு மாட்டிவிட்டாள் மனைவி.

“தொப்பை இடிக்குதும்மா.”

“மூச்சை இழுத்துப் பிடிங்க. அவங்க கொடுத்த அளவு இதுதான்.”

“நம்ம தெருவுக்கு ஒரு விளக்கு கேட்டா கஜானா காலின்னாங்க. வெளிநாடுன்னா மட்டும் எங்கிருந்துதான் பணம் கொட்டுதோ!”

“பேச்சை மாத்தாதீங்க. தூங்கும்போது தவிர இதைக் கழட்டவே கூடாது. சுடுற சத்தம் கேட்டா, என்னன்னு எட்டிப் பார்க்காம தரையில படுத்துடணும். பொழுது சாய்ஞ்சா வெளியில தலை காட்டக் கூடாது.”

“சரி, சரி. நான் என்ன சின்னப் பிள்ளையா?”

வாசலில் டாக்ஸி ஹார்ன் அடித்தது. கணவன் பெட்டியைத் தூக்கிவந்து டிக்கியில் வைத்தான்.

நர்ஸ் சீருடையைச் சரிசெய்துகொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள் மனைவி.

“அப்ப உனக்கு?” என்றான், கடைச் சாவியை விரலில் சுழற்றியபடி.

“தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னா அங்க வேற தருவாங்க. நம்ம தெருமுனையில தினமும் கடை திறக்கிற உங்களுக்கு இங்க யாருங்க தருவா?”