கனவிலும் கஞ்சி

ஒரே மாதத்தில் எடை குறையாமல் நான்கு கிலோ ஏறியிருப்பதைப் பார்த்துக் காவலாளிக்குத் தலை சுற்றியது.

“பத்தியத்தை மீறினீங்களா? உண்மையைச் சொல்லுங்க” என்றார் டாக்டர்.

“சத்தியமா இல்ல டாக்டர்! நீங்க எழுதித் தந்த பட்டியலைத் தாண்டி ஒரு பருக்கைகூட உள்ள போகல. நைட் டியூட்டிக்காரனுக்கு ராத்திரிதானே பகல்? எட்டு மணிக்கு ஓட்ஸ் கஞ்சி, ஒரு மணிக்கு வேகவைச்ச காய்கறி. வீட்டுல சிரமப்படுத்த வேண்டாம்னு ஃபேக்டரி கேன்டீன்லயே சொல்லி வச்சிருக்கேன்.”

“பகல்ல?”

“அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம். ஆனா கனவுலயும் கஞ்சிதான் வருது. யாரோ ஒரு பொண்ணு பக்கத்துல உக்காந்து ஸ்பூன்ல ஊட்டி விடறா. எந்திரிச்சா வயிறு திம்முனு இருக்கு.”

டாக்டர் ஒன்றும் புரியாமல், வெளியே காத்திருந்த காவலாளியின் மனைவியை உள்ளே கூப்பிட்டார்.

“வீட்டுல இவருக்கு என்ன கொடுக்கறீங்கம்மா?”

“உங்க பட்டியல்படிதான் டாக்டர். காலையில எட்டு மணிக்குக் கஞ்சி, மத்தியானம் ஒரு மணிக்குக் காய்கறி. ராத்திரி பூரா பட்டினி கிடந்துட்டு வர்ற மனுஷனாச்சே! தூக்கம் கெடக் கூடாதேன்னு, படுத்த வாக்கிலேயே தலையைத் தூக்கி ஊட்டிடறேன்.”

காவலாளி திருதிருவென்று விழித்தார்.

“அப்போ... அந்தப் பொண்ணு நீதானா?”

மனைவியின் முகம் மாறியது.

“வேற எந்தப் பொண்ணுன்னு நினைச்சு இத்தனை நாளா வாயைத் திறந்தீங்க?”