பதினேழு சாவிகள்

மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, காலை 10.40. பூச்சியியல் ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் எண் அறையில் இருபத்திரண்டு வெட்டுக்கிளிகள் ஒரே நேரத்தில் பாட்டை நிறுத்தின.

கதவு திறந்தது. இயக்குநர் உள்ளே வந்தார்.

மழைக்காட்டில் பிடித்து வந்த, இலை நிற வெட்டுக்கிளிகள். இருட்டில் பாடுகிறவை என்பதால் கறுப்புத் திரை போட்டு அறையின் பகலை இரவாக்கியிருந்தேன். வேட்டைக்கு வரும் வௌவாலின் குரல் கேட்டால் சட்டென்று அடங்கிவிடும். உயிர் பிழைக்க அவற்றுக்குத் தெரிந்த வழி அதுதான். அந்த மௌனத்தை அளப்பது என் ஆய்வு.

அளக்க, முதலில் அவை பாட வேண்டும்.

இயக்குநர் வந்த மூன்று முறையும் பாடவில்லை. பழைய பதிவுகளைப் போட்டுக் காட்டினேன். எந்தக் காட்டில் பதிந்ததோ என்றார்.

"பாடாத பூச்சி வாயை மூடுதுன்னு எப்படிம்மா எழுதறது?"

அவை இறக்கையால் பாடுகின்றன என்று நான் திருத்தவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி வருவார். அவர் தொடங்கி வைக்கும் பதிவில் பத்து நிமிடம் விடாமல் பாட வேண்டும். இல்லாவிட்டால் திட்டம் மூடப்படும். அறை, பக்கத்துக் கிடங்கின் உடைந்த நாற்காலிகளுக்கு.

அவர் போனபின், வௌவால் ஒலியைப் பிடிக்க வைத்திருந்த கருவியைப் பார்த்தேன். சரியாக 10.40க்கு அறைக்கு ஒரு வௌவால் வந்திருப்பதாகக் காட்டியது.

இயக்குநரின் இடுப்பில் பதினேழு சாவிகள் தொங்கும். கட்டடத்தில் பூட்டு ஒன்பதுதான். சாவிகள் உரசும்போது நம் காதுக்கு எட்டாத கீச்சொலியும் எழுகிறது. பூச்சிக்கு அது எட்டிவிடுகிறது.

கிடங்குப் பொறுப்பாளர் என் கணவர். சாப்பாட்டு நேரத்தில் சொன்னதும் பாதிச் சோற்றில் கை நின்றது.

"உன் பூச்சிக்குப் பாட்டு வாத்தியாரே வெச்சுத் தரேன். அந்த ஆளு சாவில மட்டும் கை வைக்காத தாயே."

ஏன் என்று கேட்டேன். ரசம் கேட்டார்.

வெள்ளிக்கிழமை. இயக்குநர் வந்தார், பூச்சிகள் அடங்கின.

"சார், கோவிச்சுக்காதீங்க. பூச்சிங்க உங்கள வௌவால்னு நினைக்குதுங்க."

அவர் யோசித்தார். "பெரிய வௌவாலா, சின்னதா?"

"பெருசுதான் சார்."

சாவிக்கொத்தைக் கழற்றிக் கொடுத்தார். துண்டில் சுற்றி இழுப்பறையில் வைத்தேன்.

மூன்று நிமிடம் எதுவுமில்லை. பிறகு ஒன்று இறக்கையை உரசிப் பார்த்தது. அடுத்தது. பிறகு இருபத்திரண்டும்.

இயக்குநர் பதிவுப் பொத்தானை அவரே அழுத்தினார். நான்கு நிமிடம் கண்ணை மூடிக் கேட்டார்.

"முழுசா ஓடட்டும். கையெழுத்துப் போட்டுடலாம்," என்று கிசுகிசுத்தார். "நாற்காலி வேண்டாம்னு கிடங்குல நானே சொல்லிடறேன்."

ரப்பர் செருப்பில் சத்தமில்லாமல் வெளியே போனார்.

அப்போதுதான் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டது. கேரம் காய் குழியில் விழும் சத்தம். என் கணவரின் சிரிப்பு. "போடு, சிவப்ப போடு!"

இயக்குநருக்கும் கிடங்கின் கதவுக்கும் இடையே இருபது அடி.

துண்டை வெளியே எடுத்தேன். ஒரே ஒரு உலுக்கல் போதும், சாவிச் சத்தத்துக்கு அங்கே எல்லாம் அடங்கிவிடும். இங்கேயும்.

பதிவு முடிய ஆறு நிமிடம் இருந்தது.

துண்டைத் திரும்ப வைத்து இழுப்பறையை மூடினேன்.

திட்டம் ஓராண்டு நீட்டிக்கப்பட்டது. என் கணவருக்கும் இன்னும் மூன்று பேருக்கும் மாலைக்குள் மெமோ வந்தது. திங்கட்கிழமையிலிருந்து இயக்குநர் சாவிகளைத் தன் மேசையிலேயே விட்டுவிட்டு வருகிறார்.

பூச்சிகள் நாள் முழுக்கப் பாடுகின்றன. கட்டடத்தில் வேறு சத்தமே இல்லை.