ரேஷன் விரல்

“அந்தப் பெருவிரலக் கொஞ்சம் கொண்டாங்க. வேற எந்தச் சோலிக்கும் ஆகல, அரிசி வாங்கவாவது ஆகட்டும்.”

முனீஸ்வரி சொன்னதும் ரேஷன் கடை வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அவள் புருஷன் ஒச்சப்பன் மட்டும் சிரிக்கவில்லை. மஞ்சப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

அந்த வீட்டில் ரேஷன் விரல் அவனுடையதுதான். முனீஸ்வரி விடிவதற்குள் ஜீப்பு ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலக்காய் எடுக்கப் போகிறவள். வருஷக்கணக்காகக் காய் எடுத்து விரல் ரேகையெல்லாம் தேய்ந்து போச்சு. எந்த மிஷினும் அவளை அடையாளம் கண்டுகொள்வதில்லை. ஒச்சப்பனுக்கோ ஏலக்காய் குடோனில் ராத்திரி வாட்ச்மேன் வேலை. நாற்காலியில் உட்கார்ந்து ராத்திரியைக் கழித்துவிட்டு, பகலெல்லாம் வீட்டில் படுத்துத் தூங்குகிற மனுஷனுக்கு ரேகை எப்படித் தேயும்?

“ஏ முனீசு, அரிசி கெடக்கட்டும். எனக்கு ஒரு பதிலச் சொல்லு,” என்றாள் பின்னால் நின்ற பெரியம்மாள். மலைக்கு ஆள் கூட்டிப் போகிற கங்காணி அவள்தான். “நாளையில இருந்து ஜீப்புக்கு வர்றியா, நின்னுக்கிறியா? உன் எடத்துக்கு ரெண்டு பேரு கேட்டுக்கிட்டு இருக்காளுக.”

மலை வேலை முனீஸ்வரிக்கு உயிர். ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசிப் போவது, மத்தியானம் ஏலச்செடி நிழலில் பத்துத் தூக்குவாளியைத் திறந்து பங்கு போட்டுச் சாப்பிடுவது, தன் சம்பாத்தியத்தில் மகளை டியூஷனுக்கு அனுப்புவது, எதை விட மனசு வரும்?

“நின்னுக்கிறேன்க்கா,” என்றாள். “வித்யா பன்னெண்டாவது படிக்கிறா. சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தா பாத்திரமெல்லாம் பளபளன்னு கழுவிக் கவுத்திருக்கு. துணியெல்லாம் தொவச்சு மடிச்சிருக்கு. புரட்டாசியில ஒருநா, ‘நீயா தங்கம் இம்புட்டும் செஞ்ச?’ன்னு கேட்டேன். பல்லக் காட்டிச் சிரிச்சா. அதுல இருந்து மனசு கேக்காம தெனமும் மிட்டாய்க்கடையில ஒரு பால்பன் வாங்கிக் குடுக்கிறேன். பால்பனுக்குப் பிள்ள படிப்ப விக்க முடியுமாக்கா?”

“வீட்டுல ஆம்பள ஒருத்தர் பகலெல்லாம் சும்மாதான இருக்காக?”

“அவரா? ஆடியில கேட்டுப் பாத்தேன். ‘ஆம்பள சட்டி கழுவுறத ஊர் பாத்தா என்ன சொல்லும்?’னாரு. அதோட விட்டுட்டேன்.”

ஒச்சப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவர்கள் முறை வந்துவிட்டது.

விரலை வைத்தான். மிஷின் எடுக்கவில்லை.

“தொடச்சிட்டு வைங்கண்ணே,” என்றார் கடைக்காரர் பிரபாகரன்.

வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தான். எடுக்கவில்லை. இடது கை, வலது கை, சுண்டுவிரல் வரைக்கும் ஒரு சுற்று வந்தாகிவிட்டது.

“போன மாசமும் மூணாவது தடவதான் எடுத்துச்சு. உங்க மிஷினுல ஏதோ கோளாறு தம்பி,” என்றான் ஒச்சப்பன்.

“காலையில இருந்து இதுலதான அம்பது பேரு வாங்கிட்டுப் போயிருக்காக? நீங்க வைங்கக்கா.”

முனீஸ்வரி வைத்தாள். வழக்கம்போல மிஷின் அவளை யாரென்றே கேட்டது.

“கார்டுல மகள் பேரு இருக்குல்ல? வரச் சொல்லுங்க.”

“பிள்ள படிக்கட்டும் புள்ள,” என்று பதறினான் ஒச்சப்பன். “இன்னொரு நாளைக்கு வாங்கிக்கிருவோம்.”

“நாளைக்கு வந்தா மட்டும் உங்க விரலு முளைச்சிருமாக்கும்?” முனீஸ்வரி போனை எடுத்தாள். “வித்யா, ரேஷன் கடைக்கு வெரசா வா.”

இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. படித்த பக்கத்துக்கு அடையாளமாகப் புத்தகத்துக்குள் விரலை விட்டபடியே வந்து சேர்ந்தாள் வித்யா. அதைப் பார்த்ததும் முனீஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைப் பிடித்துப் பிடித்து இந்தப் பிஞ்சு விரலும் தேய்ந்திருக்குமோ? அப்படி மட்டும் இருந்தால் இந்த ஜென்மத்துக்கு ஜீப்பு ஏறுவதில்லை என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

வித்யா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். வித்யா விரலை வைத்தாள்.

டிங்!

தொட்டதும் எடுத்துவிட்டது.

“இது விரலு!” என்றார் பிரபாகரன். “ஒரு சட்டியத் தொட்ட விரலா இது? பளிச்சுனு எடுத்துக்கிருச்சு பாருங்க.”

முனீஸ்வரி மகளின் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தாள். வெண்ணெய் மாதிரி இருந்தது. பிறகு மெதுவாகத் திரும்பி, மஞ்சப்பைக்குப் பின்னால் ஒளிந்திருந்த புருஷனின் கையை வெளியே இழுத்தாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து வெளுத்திருந்தது. நகக்கண்ணில் பச்சையாகப் பாத்திரச் சோப்பு.

“கதவச் சாத்திக்கிட்டுத்தான் கழுவுனேன் புள்ள,” என்றான் ஒச்சப்பன் ரகசியமாக. “ஊர் பாக்கல.”

முனீஸ்வரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. “யக்கா, நாளைக்கு ஜீப்புல எனக்கு எடம் போட்டு வையி!” என்று பெரியம்மாளிடம் சொன்னவள், நழுவப் பார்த்த மகளின் சடையை எட்டிப் பிடித்தாள்.

“ஏண்டி, அப்ப ரெண்டு மாசமா நீ தின்ன பால்பனெல்லாம் யாருக்குடி சேர வேண்டியது?”