பூட்டக்கா

அலுவலகத்துச் சின்னஞ்சிறுசுகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் பூட்டக்கா. கேலியாக வைத்ததுதான். அவளோ அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டாள்.

ஜனங்களின் கம்ப்யூட்டரிலும் ஃபோனிலும் கிடப்பதையெல்லாம் வாங்கி, டிஜிட்டல் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுவதுதான் அந்த நிறுவனத்தின் தொழில். வீட்டுப் பத்திரம், பேங்க் பாஸ்வேர்டு, பிள்ளைகளின் சர்டிபிகேட் என்று ஒரு குடும்பமே அதற்குள் இருக்கும். தப்பான ஆளுக்குத் திறந்துவிட்டால் அந்தக் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும். அதனால் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று கூப்பிடுகிறவர் உரியவர்தானா என்று கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டு திறப்பதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் பூட்டக்கா.

கேள்விகள் திரையில் வரும். சரியான பதிலுக்குப் பச்சை விழும், தப்புக்குச் சிவப்பு. அழுகிறார்களா, கெஞ்சுகிறார்களா என்பதெல்லாம் அவளுக்கு அநாவசியம். அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து ஒரு திருடன்கூடத் தன்னைத் தாண்டிப் போனதில்லை என்று தினம் ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லிவிடுவாள்.

அன்று காலை ஹெட்செட்டை மாட்டியதும் மாட்டாததுமாக ஒருவன் கூப்பிட்டான். யாருடைய நம்பரிலிருந்தோ பேசினான். மூச்சு வாங்கியது. பின்னால் பஸ் ஹாரன் காதைக் கிழித்தது. பாஸ்வேர்டை உடனே மாற்ற வேண்டும், ஃபோன் இப்போது கையில் இல்லை, ஏனென்றால் என்று ஆரம்பித்தான். பூட்டக்கா அங்கேயே வெட்டினாள். கதை கேட்க அவளுக்குச் சம்பளம் தரவில்லை.

கல்யாணத் தேதியைக் கேட்டாள்.

"அன்னிக்கு நல்ல மழை மேடம். மண்டபத்துல கரண்ட்கூடப் போயிடுச்சு."

"தேதி கேட்டேன் சார்."

மழைக்குத் திரையில் கட்டம் கிடையாது. அவன் ஒரு மாதத்தைச் சொன்னான். உடனே, இல்லை இல்லை, அதற்கடுத்த மாதம் என்றான். சிவப்பு. மனைவியின் பிறந்த நாள் கல்யாண நாளை ஒட்டித்தான் வரும், முன்னாடியா பின்னாடியா என்பதுதான் தெரியவில்லை என்று இழுத்தான். அதற்கும் சிவப்பு. மாமியார் பெயரைக் கேட்டாள்.

"அத்தை."

"பேர் கேட்டேன் சார்."

"அத்தைன்னுதான் மேடம் கூப்பிடுவேன்."

வேண்டுமானால் மனைவியிடம் கேட்டுச் சொல்லட்டுமா என்றான். பூட்டக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கன்னம் வைக்க வந்தவன் வீட்டுக்காரியிடமே சாவி கேட்கிறான். இந்தப் பேச்சு முழுவதும் பதிவாகிறது, நேராகப் போலீஸுக்குத்தான் போகும் என்று மிரட்டிவிட்டு லைனைத் துண்டித்தாள். யாரோ பெட்டகத்தைத் திறக்கப் பார்த்தார்கள் என்று உரியவரின் ஃபோனுக்கு எச்சரிக்கை தானாகவே போய்விட்டது. திருட வருகிறவன்கூட இந்தக் காலத்தில் படித்துவிட்டு வருவதில்லை என்று பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் சொல்லி முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

அவள் வாங்கி வைத்த காபி ஆறுவதற்குள் உரியவரே கூப்பிட்டார். பதிவு செய்த நம்பரிலிருந்து, பதறாமல், சிதறாமல்.

"எச்சரிக்கை பார்த்தேன் மேடம். யாரோ என் பேர்ல விளையாடுறாங்க போல. பாஸ்வேர்டை மாத்திடலாமா?"

கல்யாணத் தேதியைக் கிழமையோடு சொன்னார். மனைவியின் பிறந்த நாளைச் சொன்னதோடு நிற்காமல், அன்றைக்குக் கிளிப்பச்சையில் ஏதாவது வாங்க வேண்டும், அந்த நிறம்தான் பிடிக்கும் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். மாமியார் பெயர் இனிஷியலோடு வந்தது. திரை முழுக்கப் பச்சை.

பூட்டக்காவுக்கு வயிறு எரிந்தது. அவள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறாரே. இத்தனை வருஷத்தில் அவள் பிறந்த நாளை ஒரு தடவை சரியாகச் சொன்னதுண்டா? அவளுக்குப் பிடித்த நிறம் என்று ஒன்று இருப்பதே அந்த மனுஷனுக்குத் தெரியாது. எந்தப் புண்ணியவதிக்கோ இப்படி வாய்த்திருக்கிறது என்ற பொருமலோடு பெட்டகத்தைத் திறந்து கொடுத்தாள். புதுப் பாஸ்வேர்டை அவரே போட்டுக்கொண்டார். நன்றியும் சொன்னார். அவள் வேலையில் நன்றி சொல்கிறவர்கள் அபூர்வம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும் நேரத்தில் அந்தப் புண்ணியவதியே லைனில் வந்தாள். பெட்டக எண்ணைச் சொல்லி, தன் வீட்டுக்காரர் விஷயமாகப் பேச வேண்டும் என்று வாயெடுத்தாள். பூட்டக்கா விடுவாளா? ஒரு திருட்டுப் பயல் வந்ததையும், அவனை ஓட ஓட விரட்டியதையும், பிறகு சார் வந்து அத்தனை கேள்விக்கும் டக் டக்கென்று பதில் சொன்னதையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். இப்படி ஒரு கணவர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றாள்.

அந்தப் பெண் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். ஆனந்தத்தில் நம்ப முடியவில்லை போலும் என்று பூட்டக்கா நினைத்துக்கொண்டாள்.

"கல்யாண நாளைச் சரியாச் சொன்னாரா?"

"கிழமையோட மேடம்."

"என் பிறந்த நாளையுமா?"

"யோசிக்கக்கூட இல்லை. எனக்கே பொறாமையா இருந்தது."



"அப்போ அது எங்க வீட்டுக்காரர் இல்லை மேடம், இதையெல்லாம் அவருக்கு ஞாபகப்படுத்துற ஃபோனைக் காலையில பஸ் ஸ்டாண்டுல பிடுங்கிட்டு ஓடினவன்."