பச்சைக்கல் அட்டிகை

புருஷன் செத்து மூணாம் நாள், மருமக கழுத்துல கிடந்த அட்டிகையை மாமியார் எட்டிப் பிடுங்குனாங்க. பிடுங்குன வேகத்துல கழுத்துல ரத்தக்கோடு.

கூடத்துல இருந்த அத்தனை பேரும் "ஐயையோ"ன்னாங்க. ஒருத்தராவது எழுந்திரிக்கணுமே!

"அப்படிப் போடு"ன்னு உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டது ரேடியோ அத்தை. செத்தவனோட அப்பாவுக்குக் கூடப்பிறந்த அக்கா. ஆஃப் பண்ண பட்டன் இல்லாததால அந்தப் பேரு.

காலையிலேருந்து அத்தைதான் ஒலிபரப்பு.

"பத்து வருஷமா கரண்டு கம்பத்துல ஏறுனவன். ஒரு நாள் ஷாக் அடிச்சிருக்கா? இவ வந்தா, நாலே மாசம், கம்பத்துலயே கருகிட்டான். ராசி கெட்டவ. இன்னிக்கே பெட்டியைக் கட்டச் சொல்லுங்க."

பெட்டி கட்டுறது சுலபம். போறதுக்குத்தான் இடமில்ல. அப்பா அம்மா இல்லாத பொண்ணு. வளர்த்த சித்தப்பா, செருப்பைக்கூடக் கழட்டாம வாசல்ல நின்னு எழவு கேட்டுட்டுப் போயிட்டாரு. எங்கே தன் தலையில கட்டிடுவாங்களோன்னு பயம். வயித்துல ரெண்டு மாசம் வேற.

மாமியார் அட்டிகையைத் தூக்கிப் பிடிச்சாங்க.

"இவளை ஏன் சொல்றீங்க அண்ணி? இந்தச் சனியனைச் சொல்லுங்க! எங்க மாமியார் இதைப் போட்டாங்க, கிணத்துல விழுந்தாங்க. ஓரகத்தி போட்டா, நாப்பதே நாள்ல புருஷனை வாரிக் கொடுத்தா. எல்லாம் தெரிஞ்சும், பரம்பரை நகையாச்சேன்னு இவ கழுத்துல மாட்டினேனே! எம்புள்ளையை நானே கொன்னுட்டேனே!"

கூடமே அட்டிகையைத் திரும்பிப் பார்த்துச்சு.

பக்கத்து வீட்டுக்காரி மெதுவா அத்தையைச் சுரண்டினா. "நெசமாவா? கிணத்துல விழுந்தது உங்கம்மாவாச்சே. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

அந்தக் கிணத்துக்கு அப்பக் கைப்பிடிச் சுவரே கிடையாது. இடிஞ்சு மூணு வருஷமாகியும் யாரும் கட்டாம விட்டிருந்தாங்க. ஆனா அத்தைக்குத் தெரியாத விஷயம்னு ஒண்ணு உலகத்துல இருக்கலாமா?

"ஏன் தெரியாது? விழுந்த அன்னிக்கு எங்கம்மா கழுத்துல இதேதான். தூக்கும்போது பச்சைக்கல்லு பளபளன்னு மின்னுச்சு. இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன்!"

அவ்வளவுதான். ஆளாளுக்கு ஞாபகம் வர ஆரம்பிச்சிருச்சு. ஒருத்தர் அதைக் கனவுல பார்த்தாராம். இன்னொருத்தி, கல்யாணத்தன்னிக்கே அதைத் தொட்டுட்டு மூணு நாள் காய்ச்சல்ல கிடந்தாளாம். அட்டிகை இருந்த பக்கம் உட்கார்ந்திருந்தவங்க எல்லாம் பாயோட நகர்ந்துட்டாங்க.

பெட்டி கட்டுற பேச்சு அத்தோட போச்சு. ஒருத்தி எழுந்துபோய் மருமகளுக்குத் தண்ணி கொண்டாந்து கொடுத்தா. மூணு நாள்ல முதல் டம்ளர்.

"இதை உருக்கிடணும்"னு தீர்ப்பாச்சு.

"நான் போய் உருக்கிட்டு வர்றேன்"னாங்க மாமியார்.

"தனியாவா? நல்லா இருக்கே! நான் எதுக்கு இருக்கேன்?" உருகுறதைக் கண்ணால பார்க்காம ஊருக்கு எப்படிச் சொல்றது? அத்தை முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு முன்னாடி நடந்தாங்க.

நகைப்பட்டறையில புகை, அரக்கு வாடை. பத்தர் ஊதுகுழலை வாயிலேருந்து எடுத்தாரு.

"உருக்கிடுங்க"ன்னாங்க மாமியார். "ஒண்ணும் கேக்காதீங்க."

கேக்காதேன்னா கேக்குற ஆளு அவரு. மூக்குக்கண்ணாடியை ஏத்திவிட்டு அட்டிகையைத் திருப்பிப் பார்த்தாரு.

"என்னம்மா இது, செஞ்சு அஞ்சு மாசம்கூட ஆகல, உருக்கணுங்கிறீங்க? வெள்ளியில செஞ்சு, முலாம் போட்டு, பழசாத் தெரியணும்னு நீங்க கேட்டதுக்காக ரெண்டு நாள் உட்கார்ந்து கரி தேய்ச்சேன். 'அம்மா இல்லாத பொண்ணு, வெறுங்கழுத்தா வருது, பரம்பரை நகைன்னு சொல்லிப் போடணும்'னீங்களே!"

அத்தை வாயைத் தொறந்தாங்க. காத்துதான் வந்துச்சு.

மாமியார் நகையைப் பார்த்துக்கிட்டே பேசுனாங்க.

"யார் மேலயாவது பழி போடாம உங்களுக்கெல்லாம் சோறு இறங்காது அண்ணி. அவ சின்னப்பொண்ணு, தாங்கமாட்டா. என்னைச் சொல்லிட்டுப் போங்க." கொஞ்சம் நிறுத்தி, "இதையும் போய்ச் சொல்றதுன்னா சொல்லுங்க. கூடவே, உங்கம்மா கழுத்துல நீங்க எதைப் பார்த்தீங்கன்னும் கேப்பாங்க."

பத்தருக்கு ஒண்ணும் புரியல. குழலை ஊதுனாரு. பச்சைக் கண்ணாடிக் கல்லுங்க ஒவ்வொண்ணாத் தெறிச்சு விழுந்துச்சு.

சொந்தபந்தத்துல மாமியாருக்கு இப்ப "புள்ளையை முழுங்குனவ"ன்னு பேரு. விசேஷ வீட்டுக்கு யாரும் கூப்பிடுறதில்ல. எதிர்ல வந்தா வழி மாறிப் போறாங்க. மருமக அந்த வீட்டுலயே பிள்ளை பெத்து, அங்கேயேதான் இருக்கா.

அத்தனையும் பொய்யின்னு தெரிஞ்ச சொந்தம் ஒரே ஒருத்தர்தான். அவங்களும் மாமியாரைப் பார்த்தா வழி மாறித்தான் போறாங்க.