நாடாவுக்கு அந்தப் பக்கம்

மர அறுவை மில்லில் இன்று ரம்பங்கள் ஓடவில்லை. கூரைத் தகட்டு ஓட்டை வழியே விழும் வெயிலில் மரத்தூள் மிதக்கிறது. போன மாதம் அவள் கணவனைப் பெல்ட்டில் இழுத்துக் கொன்ற இயந்திரத்தைச் சுற்றி முதலாளி வெள்ளை நாடா கட்டி, மெழுகுவத்தியும் ஏற்றியிருக்கிறார். "இந்த இடத்தைப் புனிதப்படுத்திட்டோம்மா. இனிமே யாரும் கிட்ட வரக் கூடாது, தொடக் கூடாது" என்கிறார். அவர் குரல் கரகரக்கிறது, கண் மட்டும் காய்ந்துதான் கிடக்கிறது. கூட வேலை பார்த்தவர்கள் தரையைப் பார்த்து நிற்கிறார்கள். புனிதம் என்ற சொல் அவள் காதில் பூட்டுப் போடும் சத்தத்தோடு விழுகிறது. "பெல்ட்டுக்கு மூடி போடச் சொன்னா, மனுஷன் காதுலயே வாங்க மாட்டேங்குறாரு" என்று சோற்றுத் தட்டின் முன் அவன் புலம்பாத நாளில்லை. இப்போது பெல்ட்டே தெரியவில்லை. அதன்மேல் பச்சை மூடி ஒன்று பளபளக்கிறது.

"நாளைக்கு விசாரணைக்கு ஆபீசருங்க வர்றாங்களாமே?"

"வரட்டும்மா. அவங்களும் நாடாவுக்கு வெளியதான் நிக்கணும்."

அவள் நாடாவுக்கு மேலாகக் கையை நீட்டி மூடியைத் தடவுகிறாள்.

"ஐயோ, தொடாதீங்கம்மா! புனிதமான இடம்!"

விரல்களை வெயிலில் விரித்துப் பார்க்கிறாள். ஐந்தும் பச்சை. பெயிண்ட் இன்னும் காயவே இல்லை.